வரப்போகும் பாப் ஆல்பம் எவ்வளவு ஓடும்? கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஒரு பெரிய பாப் நட்சத்திரம் புது ஆல்பத்துக்குத் தேதி அறிவித்த உடனே ஆரூடமும் ஆரம்பித்துவிடும். "பத்து லட்சம் நிச்சயம்" என்று ஒரு கூட்டம், "இந்தத் தடவை புஸ்ஸாகிவிடும்" என்று இன்னொரு கூட்டம். இரண்டு தரப்பிலும் பெரும்பாலும் யாரும் எதையும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் பொறுமையும் ஒரு எக்ஸெல் தாளும் இருந்தால் யாரும் போடக்கூடிய கணக்குதான் இது. ஆல்பத்தை வாங்குகிறவர்கள் வேறு, கேட்கிறவர்கள் வேறு, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேறு. முதல் இரண்டு பேரையும் தனித்தனியாக எண்ண வேண்டும். மூன்றாமவரைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

உலகம் முழுக்க எல்லோரும் பார்ப்பது அமெரிக்காவின் பில்போர்டு 200 என்ற வாராந்தர ஆல்பம் பட்டியல் என்பதால் இந்தக் கட்டுரையும் அதை வைத்தே போகிறது.

கேள்வியைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்

"ஹிட் ஆகுமா?" என்று கேட்டால் எந்தப் பதிலையும் பிறகு சரி என்று நிரூபித்துவிடலாம். அதனால் கேள்வியில் ஒரு பட்டியலும் ஒரு எண்ணும் ஒரு தேதியும் இருக்கட்டும். "பில்போர்டு 200இல் முதல் வாரம் 3 லட்சம் யூனிட்டைத் தாண்டுமா?" என்பது நல்ல கேள்வி (யூனிட் என்பது விற்பனையையும் இணையத்தில் கேட்பதையும் சேர்த்த அளவு, விளக்கம் கீழே). "ஆண்டு முடிவதற்குள் ஏதாவது ஒரு பாடல் ஹாட் 100இல் முதல் இடம் பிடிக்குமா?" என்பதும் நல்ல கேள்விதான், ஆனால் முற்றிலும் வேறு கேள்வி. ஹாட் 100 என்பது தனிப் பாடல்களுக்கான பில்போர்டு பட்டியல்.

எவ்வளவு வேறு என்பதற்குப் பாடகி கேட்டி பெர்ரியே சாட்சி. 2010இல் வந்த 'டீனேஜ் ட்ரீம்' முதல் வாரத்தில் 1,92,000 பிரதிகள் விற்றது. 2017இல் வந்த 'விட்னஸ்' 1,80,000 யூனிட்டுடன் தொடங்கியது. இரண்டுமே முதல் இடம். எண்ணை மட்டும் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் முதல் ஆல்பத்திலிருந்து ஐந்து பாடல்கள் ஹாட் 100இல் முதல் இடத்துக்குப் போயின, இரண்டாவதிலிருந்து ஒன்றுகூடப் போகவில்லை. பேட் பன்னியின் 'டெபி டிரார் மாஸ் ஃபோட்டோஸ்' 2025 ஜனவரியில் இரண்டாம் இடத்தில், 1,22,000 யூனிட்டோடுதான் அறிமுகமானது. மறு வாரமே முதல் இடம், பிறகு கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது. படத்துக்கு ஓப்பனிங் வேறு, ஐம்பதாவது நாள் வேறு என்பது நமக்குத் தெரிந்ததுதானே. புதிதாக வருகிறவர்கள் முதல் வார எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஒரே வாரத்தில் விடை தெரிந்துவிடும், தவறு எங்கே என்று உடனே புரியும்.

யூனிட் என்றால் என்ன?

2014 டிசம்பர் வரை பில்போர்டு 200 பட்டியல் விற்ற பிரதிகளை மட்டும் எண்ணியது. அதன்பின் ஸ்ட்ரீமும், அதாவது ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் கேட்கும் எண்ணிக்கையும் சேர்ந்தது. இப்போது ஒரு ஆல்பத்தின் வார எண்ணிக்கையில் மூன்று பகுதிகள் உண்டு: முழு ஆல்பமாக விற்ற பிரதிகள் (சிடி, வினைல் இசைத்தட்டு, கேசட், டவுன்லோடு எல்லாம் சேர்த்து), தனிப் பாடலாக விற்ற டவுன்லோடுகள் (பத்துக்கு ஒரு யூனிட்), ஸ்ட்ரீம்கள். தனிப் பாடல் டவுன்லோடு இன்றைக்கு ஒரு சொட்டுதான், அதை மறந்துவிடலாம்.

ஸ்ட்ரீம் கணக்குதான் விதி மாறிக்கொண்டே வந்த இடம். தொடக்கத்தில் 1,500 ஸ்ட்ரீம் ஒரு யூனிட். 2018 ஜூலையிலிருந்து சந்தா கட்டிக் கேட்பவர்களின் ஸ்ட்ரீம் என்றால் 1,250, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750. 2026 ஜனவரியில் அதுவும் மாறி, சந்தா என்றால் 1,000, இலவசம் என்றால் 2,500 என்று ஆனது. அந்த மாற்றத்தில் அதிருப்தியான யூடியூப், தன் தரவைப் பில்போர்டுக்குக் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது.

நடைமுறையில் இதை ஒரே எண்ணாகச் சுருக்கிக்கொள்ளலாம். டெய்லர் ஸ்விஃப்டின் 'தி டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்' 2024 ஏப்ரலில் முதல் வாரம் 89 கோடியே 13 லட்சம் ஸ்ட்ரீம் பெற்றது. அது 6,83,000 யூனிட்டாகக் கணக்கானது. வகுத்துப் பாருங்கள், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1,305 ஸ்ட்ரீம். அதாவது கேட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் சந்தா கட்டியவர்கள். பெரிய பாப் ஆல்பங்கள் பலவற்றில் பழைய விதிப்படி இந்த எண் 1,300ஐ ஒட்டியே வரும். அதே கலவையைப் புது விதியில் போட்டால் 1,040 வாக்கில் நிற்கிறது. நான் 1,050 என்று வைத்துக்கொள்வேன்.

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. 2023இல் வந்த ஆல்பத்தின் யூனிட்டையும் 2026இல் வரப்போகும் ஆல்பத்தின் யூனிட்டையும் அப்படியே பக்கத்தில் வைக்காதீர்கள். பழையதை ஸ்ட்ரீமாகப் பிரித்து, புது விதியில் மறுபடி யூனிட்டாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

பழைய எண்களை அடுக்குங்கள்

அந்தப் பாடகரின் கடைசி மூன்று நான்கு ஆல்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வெளியான தேதி, முதல் வார மொத்தம், அதில் விற்பனை எவ்வளவு, ஸ்ட்ரீம் எவ்வளவு, எத்தனை பாடல்கள், முன்கூட்டி வந்த சிங்கிள் (ஆல்பத்துக்கு முன் தனியாக விடும் பாட்டு) ஹாட் 100இல் எந்த இடம் வரை போனது என்று எழுதுங்கள். இந்த விவரமெல்லாம் பில்போர்டு ஒவ்வொரு வாரமும் வெளியிடும் செய்தியிலேயே இருக்கும். எண்களைச் சேகரித்துக் கொடுப்பது லூமினேட் என்ற நிறுவனம்.

போன ஆல்பத்தின் எண்தான் தொடக்கப் புள்ளி, ஆனால் இடைவெளி நீள நீள அதன் மதிப்புக் குறையும். அடெல் 2015இல் '25' ஆல்பத்தில் 34,82,000 யூனிட்டோடு தொடங்கினார். ஆறு வருடம் கழித்து வந்த '30' பெற்றது 8,39,000. இதில் அடெலின் பெயர் மங்கிவிட்டது என்று சொல்ல முடியாது, அந்த ஆண்டு அதுவே பெரிய தொடக்கங்களில் ஒன்று. ஆனால் '25' வந்தபோது அதை ஸ்ட்ரீமிங்கில் விடவே இல்லை, கேட்க வேண்டும் என்றால் வாங்கியே ஆக வேண்டும். ஆறு வருடத்தில் சிடி வாங்கும் பழக்கமே பலருக்குப் போய்விட்டது. ஜஸ்டின் டிம்பர்லேக்கின் கதை வேறு. 2013இல் 9,68,000, 2018இல் 2,93,000, 2024இல் 67,000. இங்கே கேட்பவர்களே விலகிப் போயிருக்கிறார்கள். ஒரு சரிவு சந்தையால் வந்ததா, ஆளால் வந்ததா என்று பிரித்துப் பார்ப்பது இந்த வேலையில் பாதி.

ஏற்றமும் இப்படித்தான். சப்ரினா கார்பென்டரின் முந்தைய ஆல்பம் 2022இல் 23ஆம் இடத்தில் அறிமுகமானது. அதை மட்டும் பார்த்திருந்தால் 2024 ஆகஸ்டில் வந்த 'ஷார்ட் என் ஸ்வீட்' 3,62,000 யூனிட்டோடு முதல் இடம் பிடிக்கும் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. இடையில் 'எஸ்பிரஸ்ஸோ', 'ப்ளீஸ் ப்ளீஸ் ப்ளீஸ்' என்ற இரண்டு ஹிட் சிங்கிள்கள் வந்துவிட்டன. பழைய ஆல்பத்தின் எண்ணும் இன்றைய சிங்கிளின் எண்ணும் முரண்பட்டால், நான் சிங்கிள் பக்கம்தான் சாய்வேன்.

வாங்குகிறவர்களை எண்ணுவது

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். முதல் வாரத்தில் பெரிய எண் வருவதும் கணிப்பவர்கள் தவறுவதும் இங்கேதான்.

டெய்லர் ஸ்விஃப்டின் 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்' 2025 அக்டோபர் 3ஆம் தேதி வந்தது. முதல் வாரம் 40,02,000 யூனிட். அதில் ஏறக்குறைய 34.8 லட்சம் நேரடி விற்பனை, அதிலும் வினைல் மட்டும் 13.34 லட்சம். ஸ்ட்ரீம் 68 கோடி சொச்சம். மேலே சொன்ன 'டார்ச்சர்ட் போயட்ஸ்' 89 கோடி ஸ்ட்ரீம் பெற்றும் 26.1 லட்சம் யூனிட்தான். கேட்டது குறைந்திருக்கிறது, மொத்தம் 14 லட்சம் கூடியிருக்கிறது! ஸ்ட்ரீம் குறைந்ததற்கு எளிய காரணம், இதில் 12 பாடல்கள், முந்தையதில் 31. விற்பனை கூடியதற்குக் காரணம், வேறு வேறு அட்டை, வேறு வேறு நிறம், வேறு வேறு போனஸ் என்று முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள். ஒரே ரசிகர் நாலு வாங்கினால் நாலும் கணக்கில் வரும்.

ஆகவே பாடகரின் அதிகாரபூர்வக் கடைக்குப் போய் இவற்றைப் பாருங்கள். எத்தனை வினைல் பதிப்பு? கையெழுத்துப் போட்ட சிடி உண்டா? டார்கெட் போன்ற பெரிய கடைத் தொடருக்கென்று தனிப் பதிப்பு உண்டா? எது "விற்றுத் தீர்ந்தது" என்று காட்டுகிறது, அது எத்தனை நாளில் தீர்ந்தது? பழைய ஆல்பத்தின்போது எத்தனை பதிப்புகள் இருந்தன என்பதையும் தேடிப் பக்கத்தில் எழுதுங்கள்.

அப்புறம், அனுப்பும் தேதி. 2020இல் கொண்டுவந்த விதிப்படி, வாங்கியவருக்கு அனுப்பி வைக்கும்போதுதான் ஒரு சிடியோ வினைலோ எண்ணப்படும். வினைல் மட்டும் மூன்று மாதம் கழித்து அனுப்பப்படும் என்று கடையில் சிறிய எழுத்தில் போட்டிருந்தால், முதல் வாரக் கணக்கில் அது பூஜ்யம். இந்தச் சிறிய எழுத்தைப் படிக்காமல்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாறாக, முன்பதிவு எல்லாம் வெளியீட்டு நாளுக்கே அனுப்பப்பட்டால் முதல் நாளிலேயே பெரும் பகுதி ஏறிவிடும். 'ஷோகேர்ள்' முதல் நாள் விற்பனையே 27 லட்சம்.

விற்பனையைத் தூக்கப் பயன்பட்ட பழைய தந்திரங்கள் பல இப்போது செல்லாது. 2011இல் லேடி காகாவின் 'பார்ன் திஸ் வே' 11,08,000 விற்றது. அதில் நாலு லட்சத்துக்கும் மேல் அமேசான் 99 சென்ட்டுக்குக் கொடுத்த பிரதிகள். அதே ஆண்டு பில்போர்டு, முதல் நாலு வாரத்தில் 3.49 டாலருக்குக் கீழே விற்றால் எண்ண மாட்டோம் என்று விதி போட்டது. கச்சேரி டிக்கெட்டோடும் டீ-ஷர்ட்டோடும் கட்டி விற்ற ஆல்பங்களை எண்ணுவதையும் 2020 அக்டோபரில் பில்போர்டு நிறுத்தியது. அப்போது வந்த விதிப்படி, வாங்குபவர் கூடுதல் காசு கொடுத்து ஆல்பத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் செல்லும். 2020 வரை வந்த ஆல்பங்களின் எண்களில் இந்த டிக்கெட் காற்று எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேட்கிறவர்களை எண்ணுவது

ஸ்ட்ரீமுக்கு மூன்று விஷயங்கள் போதும். பாடகரின் பழைய பாடல்கள் இப்போது தினமும் எவ்வளவு கேட்கப்படுகின்றன, புது சிங்கிள் ஏறுகிறதா இறங்குகிறதா, ஆல்பத்தில் எத்தனை பாடல்கள்.

ஸ்பாட்டிஃபை நாடுவாரியாகத் தினப் பட்டியல் வெளியிடுகிறது. கேவொர்ப் போன்ற தளங்கள் அதை நாள்வாரியாகச் சேமித்து வைக்கின்றன. அமெரிக்கப் பட்டியலை மட்டும் எடுங்கள். பில்போர்டு 200 அமெரிக்காவுக்குள் நடக்கும் விற்பனையையும் கேட்பையும் மட்டுமே எண்ணுகிறது. அண்ணா நகரில் ஒரு ரசிகை ராத்திரி முழுக்க அதே பாட்டை ஓடவிட்டாலும் இந்தப் பட்டியலில் ஒரு புள்ளிகூட நகராது. (பாடல்களுக்கான குளோபல் 200 பட்டியலில் அவர் உழைப்பு சேரும்.)

சிங்கிள் வந்த முதல் நாள் எண் ஏமாற்றும், அன்றைக்கு ரசிகர் படை மொத்தமும் இறங்கியிருக்கும். நாலாவது வாரம் என்ன நிலை என்று பாருங்கள். அதுவரை பட்டியலில் முதல் 20க்குள் நின்றால் சாதாரண மக்களும் கேட்கிறார்கள் என்று அர்த்தம். 2024இல் கேட்டி பெர்ரியின் புது ஆல்பத்துக்கு முன்னோடியாக வந்த சிங்கிள் ஹாட் 100இல் 63ஆம் இடத்தைத் தாண்டவில்லை. '143' என்ற அந்த ஆல்பம் 48,000 யூனிட்டோடு ஆறாம் இடத்தில் வந்து நின்றது. இரண்டு மாதம் முன்பே சிங்கிள் சொல்லிவிட்டது.

சிங்கிளே விடாமல் வருகிறவர்களும் உண்டு. பில்லி ஐலிஷ் 2024 மேயில் அப்படித்தான் செய்தார், 3,39,000 வந்தது. பியான்சே 2013 டிசம்பரில் அறிவிப்பே இல்லாமல் ஆல்பத்தை விட்டு மூன்று நாளில் 6,17,000 விற்றார். இந்த மாதிரி இடங்களில் பழைய பாடல்களின் தினசரி ஸ்ட்ரீம் மட்டுமே கைகொடுக்கும்.

சேர்த்துப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு பாடகி. மூன்று வருடம் முன்பு வந்த அவருடைய ஆல்பம் முதல் வாரம் 1,40,000 யூனிட்: விற்பனை 50,000, ஸ்ட்ரீம் வழியாக 90,000. பழைய விதியில் 1,300ஆல் பெருக்கினால் சுமார் 11.7 கோடி ஸ்ட்ரீம். அதையே இன்றைய 1,050ஆல் வகுத்தால் 1,11,000. ஆக, இன்றைய விதிப்படி அந்த ஆல்பத்தின் அளவு 1,61,000.

இப்போது அவருடைய சிங்கிள் ஆறு வாரமாக முதல் பத்துக்குள் இருக்கிறது. பழைய பாடல்களின் தினசரி ஸ்ட்ரீம் ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. போன முறை 12 பாடல்கள், இந்த முறை 14. ஸ்ட்ரீம் 15 கோடியிலிருந்து 21 கோடிக்குள் இருக்கும் என்று வைக்கலாம், அதாவது 1,43,000 முதல் 2,00,000 யூனிட். போன முறை ஒரே வினைல், இந்த முறை நாலு, எல்லாமே அன்றைக்கே அனுப்பப்படும். விற்பனை 80,000 முதல் 1,20,000. மொத்தம் 2.2 லட்சம் முதல் 3.2 லட்சம், நடுவில் 2.7 லட்சம்.

இந்த விரிவு முக்கியம். ஒற்றை எண்ணைச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதிலிருந்து நீங்கள் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. "பத்தில் எட்டுத் தடவை இதற்குள் விழும்" என்ற அளவில் கீழ் எல்லையும் மேல் எல்லையும் எழுதுங்கள். பக்கத்தில் காரணத்தையும் ஒரு வரி குறித்து வையுங்கள்.

காலண்டரைப் பாருங்கள்

வாரக் கணக்கு வெள்ளிக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடியும். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வருவதும் இதையொட்டித்தான். வேறு நாளில் வந்தால் நாட்கள் குறையும். மேலே சொன்ன பேட் பன்னி ஆல்பம் ஞாயிற்றுக்கிழமை வந்தது, ஐந்து நாள் எண்ணோடுதான் இரண்டாம் இடம். முழு ஏழு நாள் கிடைத்த மறு வாரம் இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

உங்கள் கேள்வி யூனிட்டைப் பற்றி அல்லாமல் இடத்தைப் பற்றி இருந்தால், அதே வாரம் வேறு யார் வருகிறார்கள் என்பதே பாதி விடை. பில்லி ஐலிஷின் அந்த 3,39,000 வேறு எத்தனையோ வாரங்களில் முதல் இடத்துக்குப் போதும். அந்த வாரம் ஐந்தாவது வாரத்தில் இருந்த 'டார்ச்சர்ட் போயட்ஸ்' 3,78,000 எடுத்து முந்திக்கொண்டது. வார நடுவில் புதுப் பதிப்புகளை இறக்கி இடத்தைக் காப்பாற்றிக்கொள்வதும் நடக்கும். இதை முன்கூட்டியே கணிக்க முடியாது, "நடக்கலாம்" என்று கொஞ்சம் இடம் விட்டு வைக்கத்தான் முடியும்.

எதை ஒதுக்க வேண்டும்?

ஹேஷ்டேக் டிரெண்டிங், இன்ஸ்டாகிராம் லைக், டீசர் பார்வைகள் எல்லாம் பேசுகிறவர்களின் கணக்கு, ஒதுக்கிவிடலாம். ஸ்பாட்டிஃபையில் முன்கூட்டியே சேமித்து வைக்கும் எண்ணிக்கை கொஞ்சம் பரவாயில்லை, அதே பாடகரின் பழைய எண் தெரிந்தால் ஒப்பிட உதவும். ஆனால் அதுவும் நேரடியாக யூனிட் ஆகாது. விமர்சகர்களின் மதிப்பெண் முதல் வாரத்தை அசைத்து நான் பார்த்தது குறைவு. வாங்குபவர்கள் விமர்சனம் வருவதற்கு முன்பே வாங்கிவிட்டார்கள். பணம் கட்டிப் பந்தயம் வைக்கும் தளங்களும் இருக்கின்றன. இந்தியாவில் 2025இல் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டமே வந்துவிட்டது, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வெளியான வாரம்

சனிக்கிழமை அமெரிக்க ஸ்பாட்டிஃபை பட்டியல் வந்ததும், ஆல்பத்தின் எல்லாப் பாடல்களின் முதல் நாள் ஸ்ட்ரீமைக் கூட்டுங்கள். போன ஆல்பத்தின் முதல் நாளோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தால் பழைய வார மொத்தத்தைப் பெருக்கினால் ஸ்ட்ரீம் பகுதி ஓரளவு உறுதியாகிவிடும். பாடல் எண்ணிக்கை அதிகமுள்ள ஆல்பத்தில் பின்பகுதிப் பாடல்கள் இரண்டாம் நாளே சரிவதை மறக்க வேண்டாம். விற்பனைக்கு ஹிட்ஸ் டெய்லி டபுள் என்ற தொழில்துறை இதழ் வெளியிடும் மதிப்பீடுகளைப் பாருங்கள். உங்கள் பழைய கணிப்பை அழிக்காமல், பக்கத்தில் தேதி போட்டுப் புதுக் கணிப்பை எழுதுங்கள்.

பில்போர்டு முடிவைப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்க நேரப்படி அறிவிக்கும். நமக்கு அது ஞாயிறு பின்னிரவு, அல்லது திங்கள் காலை எழுந்ததும். மொத்தத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படவோ வருத்தப்படவோ வேண்டாம். விற்பனையில் எவ்வளவு தவறினீர்கள், ஸ்ட்ரீமில் எவ்வளவு தவறினீர்கள் என்று பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் 50,000 கூட்டி, இன்னொரு பக்கம் 50,000 குறைத்து, மொத்தம் சரியாக வந்திருந்தால் அது அதிர்ஷ்டம்.

கையோடு இரண்டாவது வாரத்துக்கும் ஒரு எண் எழுதிவிடுங்கள். முதல் வாரம் விற்பனையால் நிரம்பியிருந்தால் வீழ்ச்சி செங்குத்தாக இருக்கும். மடோனாவின் 'எம்டிஎன்ஏ' 2012இல் 3,59,000 விற்று, மறு வாரமே 50,000க்குக் கீழே இறங்கியது, கச்சேரி டிக்கெட்டோடு வந்த பிரதிகள் எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டன. ஸ்ட்ரீம் தாங்கும் ஆல்பம் பாதிக்கு மேல் விழாமல் நிற்கக்கூடும். சாப்பெல் ரோன் மாதிரி தலைகீழாகவும் நடப்பதுண்டு: 2023 செப்டம்பரில் வந்த ஆல்பம் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில்தான் இரண்டாம் இடம் வரை ஏறியது. அதனால் மூன்று மாதம் கழித்து ஒரு தேதியைத் தாளில் குறித்து வைத்து, அன்றைக்கு ஆல்பம் எந்த இடத்தில் இருக்கும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.